காரின் மைலேஜை அளப்பதும் கூட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஓட்டுவது 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆறு வருடமாக ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் கணக்கு எழுதிவருகிறேன். வண்டியில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து, எது உண்மையிலேயே பலன் தந்தது, எது தரவில்லை என்று பார்த்துவைத்திருக்கிறேன். நண்பர்களும் அக்கம்பக்கத்தவரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் பெட்ரோல் கார்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

மைலேஜ் கூட முதலில் என்ன மாட்ட வேண்டும்?

இப்போதைக்கு எதையும் மாட்டாதீர்கள். உங்கள் வண்டி இன்றைக்கு எவ்வளவு தருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். "பதினஞ்சு பதினாறு குடுக்குதுங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்பவர்கள் எந்த மாற்றம் செய்தாலும் மைலேஜ் கூடியது போலவே உணர்வார்கள். ஏனென்றால் புதிதாக ஒன்றை மாட்டிய வாரத்தில் யாராக இருந்தாலும் கொஞ்சம் கவனமாகத்தான் ஓட்டுவார்கள். இந்த ஒரு காரணத்தாலேயே ஊரில் எத்தனையோ உதவாத சாமான்கள் விற்றுப்போகின்றன.

சரி, எப்படி அளப்பது?

டேங்க் டு டேங்க் கணக்குதான் அடிப்படை. பங்க்கில் டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள். நாசில் தானாக முதல்முறை கட் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். ரவுண்டாகப் பணம் வரட்டும் என்று அதற்குமேல் ஊற்றக்கூடாது. கணக்கு கெடுவது ஒருபுறம், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் அது கெட்டுவிடும். ஓடோமீட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தமுறை அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இந்தமுறை பிடித்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

ஒரே டேங்க்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கட் ஆகும் இடம் அரை லிட்டர் முன்னே பின்னே இருக்கும். 28 லிட்டரில் அரை லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 2 சதவீதம் போயிற்று. என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது: 412 கி.மீ., 28.1 லிட்டர். 427 கி.மீ., 28.4 லிட்டர். 398 கி.மீ., 27.6 லிட்டர். மூன்றையும் கூட்டினால் 1,237 கி.மீ., 84.1 லிட்டர். அதாவது லிட்டருக்கு 14.7. தனித்தனியாகப் பார்த்தால் 14.4இலிருந்து 15.0 வரை அலைகிறது. வண்டியில் எதையுமே தொடாதபோது வந்த வித்தியாசம் இது. ஆகவே அரை கி.மீ. கூடியது என்று ஒரு டேங்க்கை வைத்து யாராவது சொன்னால் அதை நம்ப முடியாது.

இன்னொன்று. மைலேஜ் எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. 100 கி.மீ. தூரம் 10 மைலேஜிலும் இன்னொரு 100 கி.மீ. 20 மைலேஜிலும் ஓடினால் சராசரி 15 வராது. 200 கி.மீ.க்கு 15 லிட்டர் செலவாகியிருக்கிறது, அதனால் 13.3தான். எப்போதும் தூரத்தைத் தனியாக, லிட்டரைத் தனியாகக் கூட்டி வகுங்கள்.

டேஷ்போர்டிலேயே சராசரி மைலேஜ் காட்டுகிறதே, அது போதாதா?

ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். ஆனால் பல வண்டிகளில் அது பங்க் கணக்கைவிடக் கொஞ்சம் தாராளமாகக் காட்டும். இரண்டையும் நாலைந்து டேங்க்குக்கு எழுதிப் பாருங்கள். எப்போதும் 6 சதவீதம் கூடக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால், அதைக் கழித்துக்கொண்டு தாராளமாக நம்பலாம்.

கம்பெனி 20க்கு மேல் சொல்கிறது. எனக்கு 15தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நீங்கள் சொல்லும் எண் ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்புகளில் எடுக்கப்படுவது. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, எந்த வினாடியில் என்ன வேகம் என்று வகுத்துவைத்த அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம் ஓட்டுவார்கள். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ஏசி ஓடாது. காந்திபுரம் சிக்னலும் கிடையாது, நாலு பேரும் லக்கேஜும் கிடையாது. ஒரு மாடலை இன்னொரு மாடலோடு ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் வண்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதன் பழைய கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஓபிடி கருவி என்கிறார்களே, அது என்ன? வாங்கலாமா?

நான் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால், 16 துளைகளோடு, மேல்பக்கம் அகலமாகவும் கீழ்ப்பக்கம் குறுகலாகவும் ஒரு சாக்கெட் இருக்கும். வண்டியின் கோளாறுகளைப் படிக்க சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட் அது. அமெரிக்காவில் 1996 முதலே எல்லாக் கார்களிலும் கட்டாயம். நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் வந்த கார்களில் தாராளமாக எதிர்பார்க்கலாம். அதற்கு முந்திய பல வண்டிகளிலும் உண்டு. அதில் மாட்ட, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ப்ளூடூத் அடாப்டர் கிடைக்கிறது. இஎல்எம்327 என்ற பெயரில் தேடினால் வரும். ஃபோனில் ஒரு ஆப் போட்டு இணைத்துவிட்டால், என்ஜின் கணினி பார்ப்பதில் பலவற்றை நீங்களும் பார்க்கலாம்.

இது எரிபொருளை எப்படிக் கணக்கிடுகிறது? பெரும்பாலான வண்டிகள் இத்தனை மில்லி பெட்ரோல் தெளித்தேன் என்று நேராகச் சொல்வதில்லை. என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைச் சொல்லும். சுத்தமான பெட்ரோலில் ஒரு கிராம் எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அந்த விகிதத்தை வைத்து ஆப் கணக்குப் போடுகிறது. காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் இல்லாத சிறிய கார்களில், காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயின் அழுத்தத்தையும் வெப்பத்தையும், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற ஆர்பிஎம்மையும் வைத்து ஊகிக்கும். ஆகவே முதல்நாள் காட்டும் எண்ணை நம்பிவிடாதீர்கள். என் ஆப் ஒரு டேங்க்குக்கு 31.0 லிட்டர் செலவு என்றது. பங்க்கில் பிடித்தது 28.4. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.916. இந்தத் திருத்தத்தை ஆப்பின் செட்டிங்கில் போட்டபிறகு, இன்றுவரை பங்க் கணக்கோடு 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது.

வண்டியை நிறுத்தும்போது அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் எடுக்காத வண்டியில் அது பேட்டரியை உறிஞ்சிவிடும். ஓட்டும்போது ஃபோனை முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். எண் பெரிதாகத் தெரியும்படி ஒரே ஒரு மீட்டரை வைத்து, ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் மைலேஜ் எப்படிக் கூடும்?

மீட்டர் தானாக எதையும் மிச்சம் செய்யாது. ஆனால் அந்தந்த நொடி மைலேஜ் கண்முன்னே ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது கால் தானாகத் திருந்துகிறது. முன்பெல்லாம் சில பைக்குகளின் மீட்டரில் எகானமி, பவர் என்று விளக்கு எரியுமே, அதே யோசனைதான். எனக்கு இது உறைத்த இடம் லட்சுமி மில்ஸ் சிக்னல் பக்கம். சிக்னலிலிருந்து வேகமாகக் கிளம்பினேன், மீட்டர் 4 காட்டியது. அடுத்த சிக்னல் சிவப்பாக இருப்பது தூரத்திலேயே தெரிந்தது. அப்படியும் காலை எடுக்காமல் போய், கடைசியில் பிரேக் அடித்தேன். 4 மைலேஜில் பெட்ரோலைக் கொட்டிச் சேர்த்த வேகத்தை முழுக்க பிரேக் பேடில் தேய்த்துச் சூடாக்கியிருக்கிறேன் என்று அந்த நிமிடம் புரிந்தது. அன்றிலிருந்து முன்னால் இரண்டு வண்டிகளைத் தாண்டிப் பார்த்து, முன்கூட்டியே காலை எடுக்கப் பழகினேன்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் மிச்சம்தானே?

வேண்டவே வேண்டாம். கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்தது. இப்போதைய ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்தால், இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். ஆர்பிஎம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிய பிறகே மறுபடி தெளிக்கும். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமலிருக்க ஐட்லிங்குக்கு பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும்.

குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை இறங்கும்போது இதை நீங்களே பார்க்கலாம். இரண்டாவது, மூன்றாவது கியரில் வளைவு வளைவாக இறங்குவேன். நீண்ட நேரத்துக்கு மீட்டர் உச்சத்தில் போய் நின்றுவிடும், செலவு பூஜ்யம். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்கும் சூடேறாது. அதே மலையில் நியூட்ரலில் இறங்கி, பிரேக் தீய்ந்து, நாற்றத்தோடு ஓரத்தில் நிற்கும் வண்டிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, கணக்குப் பார்க்கக்கூடாது.

ஏறும்போது செலவாவதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். வண்டியும் ஆட்களுமாக 1,100 கிலோவை 1,500 மீட்டர் உயரம் தூக்க 16 மெகாஜூல் வேலை தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தாலும், என்ஜின் நமக்கு வேலையாகத் தருவது அதில் கால்பங்குதான். ஆக, சாதாரணமாக ஓடுவதற்கு ஆகும் செலவுக்குமேல், உயரத்துக்காக மட்டும் 2 லிட்டர். ஊட்டி போய்வந்த டேங்க்கைத் தனியாகக் குறித்துவையுங்கள். மற்றவற்றோடு ஒப்பிடாதீர்கள்.

டயரில் காற்று எவ்வளவு வைப்பது?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இருக்கும் அளவுதான். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைக்கக்கூடாது. காலையில் வண்டி ஓடாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். 20 கி.மீ. வெயிலில் ஓடிவிட்டுப் போய்ப் பார்த்தால் டயர் சூட்டில் 3, 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். கூட இருக்கிறது என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைவாகத்தான் நிற்கும்.

சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிடுங்கள். ஒரே நாளில் மூன்று இடங்களில் பார்த்தபோது என் ஒரே டயருக்கு 27, 30, 33 என்று சொன்னார்கள். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி நிமிரும். அந்தச் சூட்டில் போவது உங்கள் பெட்ரோல். எல்லா டயரிலும் 5 பிஎஸ்ஐ குறைந்தால் ஏறக்குறைய 1 சதவீதம் மைலேஜ் போகும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் டயர் தேய்வும், நெடுஞ்சாலையில் வெடிக்கும் ஆபத்தும் அதோடு சேர்ந்தே வருகின்றன. முழு லோடுக்கு ஸ்டிக்கரில் கொஞ்சம் கூடுதல் அளவு கொடுத்திருப்பார்கள். அதுவரை வைக்கலாம், அதற்குமேல் ஏற்றினால் டயரின் பிடிப்பு குறையும்.

நைட்ரஜனால் மைலேஜ் கூடாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

அகலமான டயர், பெரிய அலாய் வீல் போட்டால்?

மைலேஜ் குறையும். கனமும் கூடுகிறது, உராய்வும் கூடுகிறது. அதோடு மீட்டர் கணக்கும் மாறிவிடும். 165/80 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ. அதற்குப் பதில் 195/65 ஆர்15 போட்டால் 634 மி.மீ.க்கு மேல். மீட்டரில் 100 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் 102 கி.மீ.க்கு மேல் போயிருக்கும். புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்தது என்று சொல்பவர்களின் கணக்கில் இந்த 2 சதவீதமும் கலந்திருக்கும். ஜிபிஎஸ் வைத்து 50 கி.மீ. ஓட்டிப்பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் என்ஜின் கூலாக ஓடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

செய்யாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கே நடந்தது.

ஓபிடி மாட்டிய முதல் வாரம். இரவு பத்து மணிக்கு அவினாசி சாலையில் வந்துகொண்டிருந்தேன். என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீரின் வெப்பம் 68 டிகிரி காட்டியது. அரைமணி நேரம் ஓடிய வண்டி. 85க்கு மேல் நிற்க வேண்டும். சென்சார் தப்பாக இருக்கும் என்று நினைத்தேன். சிக்னலில் நின்றால் 80 வரை ஏறுகிறது, வேகமெடுத்தால் மறுபடி 68. மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஹவுசிங்கைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமே இல்லை. நான் வாங்குவதற்கு முன்போ, அதற்குப்பிறகு ஏதோ ஒரு சர்வீஸிலோ, வால்வைக் கழற்றிவிட்டு வெறும் கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் பல பட்டறைகளில் இருக்கிறது. நல்லது என்று நம்பித்தான் செய்கிறார்கள்.

அந்த வால்வு, என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாது. அது இல்லாவிட்டால் என்ஜின் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது. இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடத் தெளிக்கும். ஆயில் கெட்டியாகவே இருக்கும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேரும். புது வால்வு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அடுத்த மூன்று டேங்க்கில் 14.7 இருந்தது 16.0 ஆனது. அத்தனை வருடம் எவ்வளவு பெட்ரோல் வீணாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிரேக் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். பிரேக் அதிகம் பிடிக்காமல் பத்து கி.மீ. ஓட்டிவந்து, நாலு வீலின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே ஒட்டுகிறது. இன்னொரு வழி, ஆளில்லாத சமதளச் சாலையில் 60இல் போய், என்ஜின் ஓடும்போதே நியூட்ரலுக்கு மாற்றி, 40க்கு இறங்க எத்தனை வினாடி என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்வது. இரண்டு திசையிலும் செய்து சராசரி எடுங்கள். என் வண்டிக்கு 27 வினாடி. ஒருமுறை 21க்கு வந்துவிட்டது. பின்னால் ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகியிருந்தது. ஆறுமாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் டயர் காற்று, அலைன்மெண்ட், பேரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஆரோக்கியப் பரிசோதனை.

எந்த வேகத்தில் போனால் அதிக மைலேஜ்?

டாப் கியரில் என்ஜின் திணறாமல் ஓடும் குறைந்த வேகம்தான் உச்சம். சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் 50, 60 பக்கம் வரும். பெட்ரோலியப் பொருள் சேமிப்புக்காக மத்திய அரசு நடத்தும் பிசிஆர்ஏ அமைப்பு பல வருடமாகச் சொல்வதும் 45இலிருந்து 55.

நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போக முடியாது, லாரிக்காரர்களுக்கே இடைஞ்சலாகிவிடும். ஆனால் 100க்கும் 80க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. 80இலிருந்து 100க்குப் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவீதம் கூடும். கோவையிலிருந்து சேலம் சுமார் 165 கி.மீ. என் வண்டி 100இல் 16.8 தந்தது, 80இல் 20.5. பெட்ரோல் 9.8 லிட்டருக்குப் பதில் 8.05 லிட்டர். நேரம் 25 நிமிடம் கூட ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 175 ரூபாய் மிச்சம். அவசரமாகப் போகும் நாளில் 100இல் போங்கள், தப்பே இல்லை. அவசரமில்லாத நாளிலும் அதே வேகத்தில் போவதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம்.

காற்றடித்தால் மைலேஜ் மாறுமா?

நன்றாகவே மாறும். கோவைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும். அந்த நாளில் வாளையார் பக்கம் போகும்போது 17 காட்டிய மீட்டர், திரும்பி வரும்போது 22 காட்டும். அதே வண்டி, அதே வேகம், அதே கால். அதனால் எந்தச் சோதனையையும் போக, வர இரண்டு திசையிலும் செய்யுங்கள். புது மாற்றம் ஒன்றைச் சோதிக்கிறீர்கள் என்றால், அது இல்லாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை, கழற்றி மறுபடி ஒருமுறை என்று அதே நாளில் ஓட்டுவது நல்லது.

கூரைமேல் கேரியர், முன்னால் பம்பர் கார்டு?

கேரியரை உபயோகமில்லாதபோது கழற்றிவிடுங்கள். சபரிமலைக்குப் போகக் கட்டியதை வருடம் முழுக்கச் சுமந்துகொண்டு ஓடும் வண்டிகள் நிறைய. நாலு போல்ட்தான். வெறும் கேரியரே நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைக் கிழித்து ஊளையிடும். அந்தச் சத்தத்துக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. சாமான் கட்டினால் இன்னும் மோசம். டிக்கியில் அடங்குவதை மேலே ஏற்றாதீர்கள்.

இரும்பு பம்பர் கார்டு கனம். ஏர்பேக் சென்சார் வேலை செய்வதையும் கெடுக்கும். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகமே அதை அனுமதிக்கக்கூடாது என்று மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

முன் கிரில்லை அடைத்தால் மைலேஜ் கூடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் செய்கிறார்களே?

குளிர்நாட்டில் அது சரி. என்ஜின் சீக்கிரம் சூடாகும், காற்று எதிர்ப்பும் குறையும். நம் சித்திரை வெயிலில், ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் கிடைக்கும் காற்றை அடைப்பது என்ஜினைக் கொல்வதற்குச் சமம். விட்டுவிடுங்கள்.

ஏசியா, கண்ணாடியை இறக்குவதா?

நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடி, நெடுஞ்சாலையில் ஏசி. நிழலில் நிறுத்துவதும், கிளம்பியதும் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கி உள்ளே கொதிக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு ஏசி போடுவதும் எதையும் விட்டுக்கொடுக்காமலே கிடைக்கும் மிச்சம். குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் மைலேஜைப் பார்க்காமல் ஏசியைப் போடுங்கள்.

சிக்னலில் என்ஜினை அணைக்கலாமா?

அரைநிமிடத்துக்குமேல் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அணைக்கலாம். என் என்ஜின் சும்மா நிற்கும்போது மணிக்கு 0.6 லிட்டர் குடிக்கிறது, ஏசியோடு 1 லிட்டர். ஒருநாளில் பத்து நிமிடம் ஏசியோடு நின்றால் 25 வேலைநாளில் 4 லிட்டர். பேட்டரி பழசாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆயில்?

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் பாதியாகும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பாடம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்தபோது, இன்ஜெக்ஷன் வண்டிகளில் மைலேஜ் ஏறக்குறைய மாறவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. சாதாரணமாக ஓட்டும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகடே காற்றுவழியை முக்கால்வாசி மூடித்தான் வைத்திருக்கிறது, அதற்குமுன் ஃபில்டர் கொஞ்சம் தடுத்தால் பெரிதாகத் தெரியாது. அதிகக் காற்று விடும் ஸ்போர்ட்ஸ் ஃபில்டரும், சத்தமான சைலன்சரும் மைலேஜ் தராததற்கும் இதுவே காரணம். ஆனாலும் தூசி உள்ளே போகாமல் இருக்க ஃபில்டரைச் சரியான நேரத்தில் மாற்றுங்கள்.

ஆயில், வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்ட கிரேடுதான். 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் 1, 2 சதவீதம் போகலாம். பிளக் தேய்ந்தால் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகும், மாற்றுங்கள். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டு என்ஜின் லைட் எரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், அதில் போகும் பெட்ரோல் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

காந்தம், மாத்திரை, ஹைட்ரஜன் கிட், ஓபிடியில் குத்தும் மைலேஜ் சிப்?

ஒன்றும் வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்களை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றும் அகப்படவில்லை. ஓபிடியில் குத்தும் சிப் ஒன்றை நண்பர் வாங்கிவந்தார். இருவரும் ஸ்க்ரூ டிரைவரால் பிரித்தோம். உள்ளே ஒரு சின்ன சில்லு, மூன்று எல்இடி, ஒரு பட்டன். வண்டியின் கணினியோடு பேச 6ஆம், 14ஆம் பின்கள் வேண்டும். அந்த இரண்டிலிருந்தும் சில்லுக்கு ஒரு கம்பிகூடப் போகவில்லை. மின்சாரம் எடுக்கும் பின் மட்டும் இணைக்கப்பட்டு, விளக்கு அழகாக மினுக்கியது. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணத்தை இப்படிப் பிடுங்குகிறார்களே என்று கோபம் வந்தது.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபிறகு மைலேஜ் குறைந்தது போலிருக்கிறதே?

குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட 6, 7 சதவீதம், முன்பிருந்த 10 சதவீதக் கலப்போடு ஒப்பிட 3 சதவீதத்துக்குச் சற்றுமேல் ஆற்றல் குறைகிறது. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய கார்களுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பைச் சொன்னது. பழைய நோட்டோடு ஒப்பிடும்போது இதைக் கழித்துக்கொள்ளுங்கள், வண்டிமேல் பழிபோட வேண்டாம். எனக்கு 18.3 இருந்தது 17.6க்கு வந்தது.

பழைய வண்டி, ஓபிடி சாக்கெட்டே இல்லை. என்ன செய்வது?

நோட்டும் பேனாவும் எல்லா வண்டிக்கும் பொருந்தும். கார்புரேட்டர் வண்டியானால் இன்டேக் குழாயில், என்ஜின் காற்றை உறிஞ்சும் வெற்றிடத்தைக் காட்டும் ஒரு வேக்குவம் கேஜ் மாட்டலாம். முள் எவ்வளவு உயர்வாக நிற்கிறதோ அவ்வளவு லேசாக மிதிக்கிறீர்கள் என்று அர்த்தம். சாலிடரிங் தெரிந்தவர்கள், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையும் வேக சென்சாரையும் படித்து மைலேஜ் காட்டும் எம்பிஜிஉய்னோ என்ற திறந்த மூலக் கருவியை ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் செய்துகொள்ளலாம்.

உங்கள் வண்டியில் மொத்தம் எவ்வளவு கூடியது?

14.7இல் தொடங்கினேன். தெர்மோஸ்டாட் போட்டதும் 16.0. ஹேண்ட்பிரேக் கேபிளைச் சரிசெய்து, டயர் காற்றை மாதம் இருமுறை பார்க்க ஆரம்பித்ததும் 16.7. கேரியரைக் கழற்றியது, நெடுஞ்சாலையில் 80, முன்கூட்டியே காலை எடுப்பது, இவை சேர்ந்து, இ20 வருவதற்கு முன் 18.3. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறேன். 68 லிட்டர் பிடித்த இடத்தில் 54.6 ஆயிற்று. டயர் இன்னும் எட்டாயிரம் கி.மீ. தாங்கும் போலிருக்கிறது. அடுத்தமுறை உராய்வு குறைந்த வகை டயர் போடப்போகிறேன். புது டயர் என்பதால் ஆரம்பத்தில் மைலேஜ் கொஞ்சம் இறங்கவும் செய்யலாம், மூவாயிரம் கி.மீ. தாண்டிய பிறகுதான் அந்தக் கணக்கை எடுப்பேன்.